ஓடுநீர்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுவீதியில், மாங்காட்டைக் கடந்து களுதாவளையை அடையுமுன்னர் வருவது தேற்றாத்தீவு. கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்றரையிலே தென்னைகளும் வீடுகளும் கோயில்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஊர்ப்பெயருக்குத் தேற்றா மரத்தையே காரணமாகச் சொல்வர். தேற்றாங்கொட்டையை எடுத்துக் கலங்கல் நீர் நிறைந்த பானையின் உட்புறத்தில் இழைத்துவிட்டால், சற்றுநேரத்தில் மண் அடியிற் படிய, நீர் தெளிந்து நிற்கும். குழாய்நீர் வருமுன்னர் அவ்வூர்ப் பெண்கள் அறிந்திருந்த எளிய இரசாயனம் அது. கலங்கலைத் தெளிவிக்கும் மரத்தின் பெயரைக் கொண்ட ஊரிற் பிறந்த இளைஞன் ஒருவன், கலங்கலும் நுரையுமாகப் பாயும் நீரிலே படகு செலுத்தப் பழகியது ஓராண்டு நிகழ்ச்சி. 2023ஆம் ஆண்டின் வைகாசியில் அது தொடங்கிற்று.

அவன் நீரை அறியாதவன் அல்லன். தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறாவூருக்கப்பால் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் உவர்நீர்ப் பரப்பைப் புவியியலார் வாவி என்பர். ஏடுகளும் அவ்வாறே எழுதும். ஊரார் வாயிலோ அது என்றும் ஆறுதான். ஆற்றுமீன், ஆற்றங்கரை, ஆற்றுவாய் என்றே அங்கு பேச்சு நடக்கும். சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. படும் பக்கத்துக் கரை படுவான்கரை. ஆறென்று பெயர் பெற்றும் அது ஓடுவதில்லை. மாரியிற் பெருகி, பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கும் வெள்ளக்காலம் ஒன்றைத் தவிர்த்தால், கிடந்த இடத்திலேயே கிடக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் நண்பகலுக்குப் பின் சிற்றலைகள் எழுந்து தோணிகளை அலைக்கழிக்கும். அதுவும் காற்றின் குறும்பேயன்றி நீரின் குறும்பன்று.

தாய்மாமனுடைய தோணியிலே அவன் எட்டு வயதில் ஏறினான். கண்ணாப் பற்றைகளின் ஓரமாகக் கம்பூன்றித் தள்ளவும், ஆழத்திற் சவள் கொண்டு வலிக்கவும், இருட்டில் இறால் வலைக்குக் காவலிருக்கவும் கற்றான். மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் குருமண்வெளித் துறையால் ஓடமேறிச் செல்லும்போதெல்லாம், ஓடக்காரன் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குகிறான் என்பதை ஊன்றிப் பார்ப்பான். பதினைந்து வயதளவில் வாவியின் முகத்தைப் பார்த்து மழை வரும் நேரத்தைச் சொல்லக்கூடியவனாக இருந்தான். நீரைத் தான் அறிந்துவிட்டதாக அவன் எண்ணியதில் வியப்பில்லை.

அவனுடைய தாய் இரண்டு நீர்களை அறிந்தவள். ஒன்று வாவி. அதை அவள் நீரென்றே கருதுவதில்லை. வளவின் பின்புறத்தைப் போல அது அவளுக்கு. மற்றொன்று கடல். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாட் காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது, இளையவனை இடுப்பிலும் ஆறு வயது மூத்தவனைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு வாவிப் பக்கமாக ஓடினாள். வீதியை அடைந்தபோது இடுப்பிலிருந்தவன் இருந்தான். அதன்பின் நெடுவீதிக்குக் கிழக்கே அவள் சென்றதில்லை. கடற்கரைப் பக்கத்து உறவினர் வீட்டுக் கலியாணங்களுக்குக்கூட அரிசியும் தேங்காயும் அனுப்பிவிட்டு வீட்டிலிருந்துவிடுவாள். இதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. இளையவன் வாவியிற் கிடந்தால் அவள் கவலைப்பட மாட்டாள். “ஆத்திலதானே நிக்கான்” என்பாள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடத்துக்குத் தெரிவாகி, கல்முனையிற் பஸ் ஏறி, மகியங்கனையின் பதினெட்டு வளைவுகளைக் கடந்து மலைநாட்டை அவன் அடைந்தபோதுதான் ஓடுகிற ஆறொன்றை முதன்முதலாக நெருங்கிப் பார்த்தான். 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி பல்கலைக்கழக வளவை ஒட்டியே செல்கிறது. மழைநாளிலே பாலத்தின் மேல் நின்று, கீழே மரக்குற்றிகள் மிதந்து போகும் விரைவை அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பதுண்டு. நீரியல் விரிவுரையில், விரைந்து வரும் ஆழங்குறைந்த நீர் திடீரென உயர்ந்து கொந்தளித்து விரைவிழக்கும் நிலையைக் கரும்பலகையிற் கோடாக வரைந்து காட்டினார்கள். அந்தக் கோட்டுக்குள் ஒரு மனிதன் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதைப் பரீட்சை வினாத்தாள் கேட்பதில்லை.

இரண்டாம் ஆண்டு விடுமுறையொன்றில் விடுதி நண்பர் சிலரோடு கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேன வழியாகக் கித்துல்கலவுக்கு இறங்கினான். 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ திரைப்படத்துக்காக அங்கே களனியாற்றங்கரையிற் பாலமொன்று கட்டித் தகர்த்தார்கள் என்பதால் ஊர் பெயர் பெற்றது. இப்போது வெளிநாட்டாரும் கொழும்பாரும் றப்பர்ப் படகுகளில் ஏறி, அஞ்சிக் கூவிச் சிரித்துக்கொண்டு நீர்வீச்சுகளைக் கடக்க அங்கே வருகின்றனர். நண்பர்களும் அதற்கே வந்தனர். அவனுடைய கண்ணோ அப்பெரும்படகுகளுக்குக் காவலாக முன்னே சென்ற ஒரு சிறு படகின்மேல் விழுந்தது. இரண்டரை மீற்றர் நீளமிருக்கலாம். ஒருவன் மட்டும் அதனுள் இடுப்பளவு புதைந்து அமர்ந்திருந்தான். இடுப்பைச் சுற்றிய றப்பர்ப் பாவாடையொன்று படகின் வாயை மூடியிருந்தது. கையில் இருபுறமும் அலகுடைய துடுப்பு. பாய்ந்து வரும் ஆற்றின் நடுவே ஒரு பாறைக்குப் பின்னால் அவன் அசையாமல் நின்று, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். தேற்றாத்தீவு இளைஞனைப் பிடித்துக்கொண்டது அந்தக் கொட்டாவிதான்.

கயாக் என்பது வடதுருவப் பனிநிலத்து இனுயிற் மக்கள் தந்த கலம். மரச்சட்டத்தின்மேல் சீல் தோலைப் போர்த்து, உறைகுளிர்க் கடலில் வேட்டைக்குச் செல்ல அவர்கள் அதனை அமைத்தனர். கவிழ்ந்தால் வெளியேறி நீந்த இயலாத கடல் அது; குளிரே கொன்றுவிடும். ஆகவே கவிழ்ந்தவன் படகுக்குள் இருந்தபடியே துடுப்பை வீசி, இடுப்பை முறுக்கி, மறுபடி நிமிரும் கலையைக் கண்டனர். இக்கலையை ஐரோப்பியருள் முதலிற் பயின்றவராகக் கூறப்படும் ஒஸ்திரியரான பவ்லாட்டா, 1927இல், கிறீன்லாந்து மக்களைப் பற்றி ஆய்வாளர் எழுதிய நூல்களைப் படித்தே அதனைக் கற்றுக்கொண்டார். நூலகத்திலிருந்து எழுந்து சென்று நீரிற் குதித்தவர் என்று அவரைச் சொல்லலாம்; பல்கலைக்கழகத்தார் பெருமைப்படத் தக்க சில நீர்விளையாட்டுச் செய்திகளுள் இதுவுமொன்று. கட்டுமரம் என்ற சொல்லை உலகுக்குக் கொடுத்த மொழியினர், கலமொன்றைப் பிறரிடமிருந்து கற்பதிலே நாணவும் ஒன்றுமில்லை.

வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அவனுடைய பயிற்சியும் தொடங்கிற்று. மலையகத்து மேற்குச் சரிவுகள் மழையில் நனையும் அதே மாதங்களிற்றான் மட்டக்களப்பு வறண்டு, வாவி தாழ்ந்து கிடக்கும். ஊரிற் சேறு வெடிக்கும்போது இங்கே ஆறு பெருகும். ஈழத்தின் இரு கரைகளுக்கும் வானம் தண்ணீரை முறைவைத்தே வழங்குகிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனியாகி, 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புக்கு வடக்கே கடலிற் சேர்கின்றது. எனினும் கித்துல்கலவில் அதனை முற்றும் இயற்கையின் ஆறென்று சொல்வதற்கில்லை. மேலே காசல்றீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள். லக்சபானவும் பொல்பிட்டியவும் அவற்றின் நீரால் மின் ஆக்குவன. இவற்றுக்குக் கீழே அண்மைக் காலத்தில் 35 மெகாவாற்று வலுவுடன் எழுந்த புரோட்லண்ட்ஸ் திட்டம். மழை பெய்யாத நாளிலும், சுழலியைத் திருப்பி நீரை விட்டால் ஆறு உயரும். நிறுத்தினால் பாறைகள் பல்லைக் காட்டும். எங்கோ ஒரு வீட்டில் விளக்கேற்றும் கை இந்த ஆற்றையும் சிறிது அசைக்கிறது என்று அவன் தன் குறிப்பேட்டில் எழுதினான். தேற்றாத்தீவில் தாய் மாலை விளக்கைப் போடும் நேரம் அவனுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அவனுக்குக் கற்பித்தவர் ஆற்றோரத்திற் பிறந்து, ஆற்றோரத்திலேயே படகோட்டிப் பிழைக்கும் சிங்களவர் ஒருவர். ஐம்பதை நெருங்கியவர். அவனை ‘மல்லி’ என்றார். அவன் அவரை ‘ஐயா’ என்றான். சிங்களத்தில் அச்சொல் அண்ணனைக் குறிப்பது. தமிழிற் பெரியோரைக் குறிப்பது. இரண்டும் பொருந்தியதால் எவருக்கும் இடர் ஏற்படவில்லை. அவனுடைய சிங்களம் குறைவு. அவருடைய தமிழ் அதனினும் குறைவு. ஆற்றைச் சுட்டிக் காட்டி அவர் ‘தியசுளிய’ என்றபோது, சுழி என்பது அதற்குள் ஒளிந்திருக்கக் கண்டு அவன் சிரித்தான்.

முதல் நாளே அவனுடைய வாவியறிவு பயனற்றுப் போயிற்று. வாவியில் நீர் நிற்கும், தோணி செல்லும். இங்கே நீர் செல்லும். படகோட்டி நிற்கக் கற்கவேண்டும். ஆற்றின் நடுவிலுள்ள ஒவ்வொரு பாறைக்கும் பின்னால் நீர் திரும்பி மேல்நோக்கிச் செல்லும் ஓர் இடமுண்டு. பாறைமறைவு என்று அதனைச் சொல்லலாம். ஒழுக்கைக் கிழித்து அந்த மறைவுக்குள் புகுந்தால், ஆறு முழுவதும் இருபுறமும் இரைந்துகொண்டு செல்ல, படகு தொட்டிலிற் கிடப்பதுபோலக் கிடக்கும். ஆனால் ஒழுக்குக்கும் மறைவுக்குமிடையே ஒரு கோடு இருக்கிறது. ஒருபுறம் கீழ்நோக்கும், மறுபுறம் மேல்நோக்கும் நீர் உரசும் கோடு அது. அதைக் கடக்கும்போது திரும்பும் பக்கமாகச் சாயவேண்டும். ஓட்டத்துக்குள் வரும்போது, ஓட்டம் செல்லும் திசைக்கே படகைச் சரித்துக் கொடுக்கவேண்டும். தோணிக்காரனின் உடம்பு தள்ளும் நீரை எதிர்த்தே சாயும். அதனால் முதல் நாளில் அவன் பதினொரு முறை கவிழ்ந்தான்.

நீரின் முகத்தை வாசிப்பதும் புதிதாய்க் கற்கவேண்டியதாயிற்று. இரு பாறைகளுக்கிடையே வழுவழுப்பான நாக்குப்போல நீர் கீழ்நோக்கிக் கூராய் ஒடுங்குமிடம் வழி. மேல்நோக்கிக் கூராய் நின்று கீழே விரியுமிடத்தில் நீருள் பாறை ஒளிந்திருக்கிறது. படியொன்றைத் தாண்டிக் குதிக்கும் நீர் அடியிற் சென்று, மேலெழுந்து, மறுபடி படியை நோக்கியே புரண்டு வருமிடம் பொல்லாதது. மரக்குற்றியும் அங்கே மணிக்கணக்காய்ப் புரளும். விரிவுரை மண்டபத்துக் கரும்பலகைக் கோடு அதுதான். நுரைநீரிற் காற்றுக் கலந்திருப்பதால் படகும் தாழ்ந்து மிதக்கும், துடுப்பும் பிடிமானம் கொள்ளாது. வெள்ளையாய் இருக்குமிடத்தில் வலிமை பயன்படாது. மழைக்குப் பின் ஆறு செம்மண்ணாய் வரும்போது ஐயா சொல்வார்: அடியைப் பார்க்காதே, மேலைப் பார், மேலே எல்லாம் எழுதியிருக்கிறது. தேற்றாங்கொட்டை இழைக்க முடியாத கலங்கல் அது. கலங்கலோடேயே வாசித்தாக வேண்டும்.

அவர் அடிக்கடி சொன்ன வேறொன்றும் உண்டு. பாறைமீது படகு பக்கவாட்டாக மோதப் போகிறதா, பாறையின் பக்கமே சாய். கையால் அதை அணைத்துக்கொள். அஞ்சி விலகிச் சாய்ந்தால், மேலிருந்து வரும் நீர் படகின் முதுகில் ஏறி, கணப்பொழுதிற் கவிழ்த்து, பாறையோடு வைத்து அழுத்திவிடும். கேட்பதற்கு எளிது. மோத வரும் பாறையைக் கண்டு விலகாத உடம்பு உலகில் இல்லை.

ஆனி, ஆடி மாதங்களில் ஒரு வார இறுதியும் அவன் விடுதியில் இருக்கவில்லை. மகாபொலப் புலமைப்பரிசிற் பணம் பஸ்ஸிலும் படகுக் கூலியிலும் கரைந்தது. ஹெட் சொப்பர் என்று வெள்ளைக்காரர் பெயரிட்ட வீச்சை முதன்முறை கவிழாமற் கடந்த நாளில், அவன் தாய்க்குத் தொலைபேசியில், “ஆத்தில தோணி விட்டுப் பழகிறன்” என்றான். தாய் மகிழ்ந்தாள். பேராதனையிலும் ஓர் ஆறு இருக்கிறது, பிள்ளை ஊரிற்போலவே அங்கும் பொழுதைப் போக்குகிறான் என்று எண்ணிக்கொண்டாள். ஒரே சொல் இரண்டு நீரையும் குறித்தது. அவன் பொய் சொல்லவில்லை என்று வாதிடலாம். மொழி பயின்றோர் அவ்வாறு வாதிடவும் கூடும். அன்று இரவு தனக்கு உறக்கம் வரவில்லை என்று அவனே பின்னர் நண்பரிடம் கூறியிருக்கிறான்.

ஆனியில் படகோட்டிகள் தமக்குள் நடத்திய போட்டியில் கடைசிக்கு முந்திய இடம் கிடைத்தது. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக வந்தவருக்கு அன்று காய்ச்சல்.

ஓகஸ்ற் மாதத்தில் அவன் கேரளத்துக்குச் சென்றான். கோழிக்கோடு மாவட்டத்திலே துஷாரகிரியை அடுத்த சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் மலபார் ஆற்றுத் திருவிழா என்ற பெயரில் கயாக் போட்டிகள் நடைபெறுகின்றன. 2013இல் தொடங்கிய இவ்விழாவுக்கு ஐரோப்பாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் தேர்ந்த வீரர் வருவர். வெல்வோருக்கு ரேபிட் ராஜா, ரேபிட் ராணி என்ற பட்டங்கள் உண்டு. புதியோருக்கும் பயில்வோருக்கும் தனிப்பிரிவுகள் அமைத்திருப்பது அதன் நல்ல பண்பு. கொச்சியிலிருந்து இரயிலிற் கோழிக்கோடு, அங்கிருந்து பஸ்ஸிற் கோடஞ்சேரி. வழியெல்லாம் தென்னையும் கமுகும் மழையும். மட்டக்களப்புத் தாய்வழிக் குடிமுறைக்கும் மலையாளத்து மருமக்கட்டாயத்துக்கும் உறவு காண்கின்ற ஆய்வாளர்களின் கட்டுரைகளை அவன் படித்தவனல்லன். ஆயினும் தேநீர்க் கடையில் இருவர் பேசிக்கொண்டதைக் கேட்டபோது, படுவான்கரைக் கிழவர்களின் பேச்சு சற்றுத் தள்ளிக் கேட்பதுபோல இருந்ததாம். போட்டி நடக்கும் இடத்தின் பெயர் புலிக்கயம். கயம் ஆழ்ந்த நீர்நிலையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அங்கே அது இன்னும் வழக்கில் இருக்கிறது. கயத்திற் கயாக் ஓட்டுவது பொருத்தமே என்று அவன் நண்பருக்கு எழுதினான். அச்சம் வந்தபோதெல்லாம் இவ்வாறு வேடிக்கையாக எழுதுவது அவனுடைய வழக்கம்.

அவன் பெயர் கொடுத்தது வாயிற்போட்டிக்கு. ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய கம்பிகளில் இரட்டைக் கோல்கள் தொங்கும். பச்சை வாயில்களை ஒழுக்கோடு கடக்கவேண்டும். சிவப்பு வாயில்களைக் கீழிருந்து திரும்பி எதிர்நீரிற் கடக்கவேண்டும். கோலைத் தொட்டால் 2 செக்கன் கூடும். வாயிலைத் தவறவிட்டால் 50 செக்கன். இதுதான் உலகப் போட்டிகளின் விதி. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கின்போது அவுக்ஸ்பேர்க்கிற் செயற்கைக் கால்வாயமைத்து முதன்முறை நடத்தி, பின் இருபது ஆண்டுகள் கைவிட்டு, 1992 பார்சலோனாவிலே மறுபடி சேர்த்துக்கொண்ட போட்டி. விரைந்து செல்வோன் வெல்வான் என்று கரையில் நிற்போர் நினைப்பர். உண்மையில் வெல்வோன் சிவப்பு வாயில்களில் வெல்கிறான். ஓடுகின்ற நீரிலே திரும்பி நிற்கத் தெரிந்தவனுக்கே அவை திறக்கும்.

பச்சை வாயில்களை அவன் நன்றாகவே கடந்தான். முதற் சிவப்பு வாயிலிலும் ஒரு கோலை மட்டுமே தொட்டான். இரண்டாவது சிவப்பு வாயில் ஒரு பெரும்பாறையின் மறைவிலே தொங்கிற்று. அரைக்கணம் பிந்தித் திரும்பினான். நீர் படகைப் பக்கவாட்டாக எடுத்துப் பாறையை நோக்கிக் கொண்டு சென்றது. கறுத்து ஈரமாய் நின்ற பாறை தன் மார்பை நோக்கி வருவதைக் கண்டான். மூன்று மாதங்களாகக் கேட்ட சொல் காதில் இருந்தது. உடம்பு அதைக் கேட்கவில்லை. விலகிச் சாய்ந்தான்.

நீருக்குள் இருந்த நேரம் பதினைந்து செக்கன் இருக்கலாம் என்று கரையில் நின்றவர்கள் கூறினர். முதன்முறை எழ முயன்றபோது துடுப்பு பாறையில் மாட்டிற்று. மறுமுறை முயன்றபோது, தலைக்குமேல் நீட்டிய வலக்கையை ஒழுக்கு பின்னோக்கி இழுக்க, தோள் மூட்டு விலகிற்று. மூன்றாம் முறை முயலவில்லை. இடக்கையால் பாவாடையின் முன்நாடாவைத் தேடிப் பிடித்து இழுத்து வெளியேறினான். யாரோ எறிந்த கயிறு முகத்துக்கு முன்னால் வந்து விழுந்தது. அவ்வேளையில் அவனுக்குத் தோன்றியது அச்சமன்று, வலியுமன்று. தன் கையை யாரோ பிடித்திருந்து, அந்தப் பிடி நழுவிவிட்டதுபோன்ற ஓர் உணர்வு. அது தன்னுடைய நினைவா, கேள்விப்படாத கதையொன்றைத் தானே புனைந்துகொண்டதா என்று அவனாற் சொல்ல முடியவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்பது உளவியலாருக்கே வெளிச்சம்.

தோளை மருத்துவர் சரிசெய்து தூக்குத்துணியிற் கட்டிவிட்டார். தாய்க்குத் தொலைபேசியில், விடுதிப் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். இம்முறை சொல்லிற்கு இரண்டு பொருள் இருக்கவில்லை.

புரட்டாதியில் ஊருக்கு வந்தபோது தாய் எண்ணெய் காய்ச்சித் தோளுக்குத் தடவினாள். தடவிக்கொண்டே, “படியில விழுந்தவனுக்கு முழங்கால்ல, முழங்கையில உரசல் இருக்கும் மனே” என்றாள். அவன் பேசவில்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாட் காலை கொம்புச்சந்திப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்து, வழக்கம்போல வேலைகளைப் பார்த்தாள்.

கார்த்திகையில் தோள் தேறிற்று. கித்துல்கலவுக்குப் போனான். தலைக்கவசம் அணிந்து, பாவாடை கட்டி, படகைக் கரைவரை இழுத்துச் சென்று, அங்கேயே ஒரு பாறையில் அமர்ந்திருந்தான். பிற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தான். மாலையிற் படகுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஐயா, தண்ணீருக்கு நீ பயப்படவில்லை, அது எனக்குத் தெரிகிறது, வேறென்ன என்று கேட்டார். குறைந்த சிங்களத்திற் சொல்லக்கூடிய செய்தியாக அது இருக்கவில்லை. ஆகவே, பழைய படகொன்று விலைக்குத் தருவீர்களா என்று கேட்டான். அடியிலே ஒட்டுப்போட்ட நீலநிறப் படகொன்றை அவர் பாதி விலைக்குக் கொடுத்தார்.

மார்கழிக் கடைசியில், பேராதனையிலிருந்து கல்முனைக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறியொன்றின்மேல் கோவா மூடைகளுக்கிடையே அந்தப் படகு தேற்றாத்தீவை வந்தடைந்தது. சிறுவர்கள் சூழ்ந்துகொண்டனர். தோணிக்கு ஏன் மூடி போட்டிருக்கிறது என்று தாய்மாமன் கேட்டார். தாய் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, படகைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். குனிந்து, வாய்க்குள் கையை விட்டு உள்ளே தடவிப் பார்த்தாள்.

“கவுண்டா இதுக்குள்ளால காலை எப்பிடி மனே வெளிய எடுக்கிற?” என்று கேட்டாள்.

அவன் திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னான். களனியையும் பாறைமறைவையும் புலிக்கயத்தையும் தோளையும் சொன்னான். இடையிடையே ஆறு என்ற சொல் வந்தபோது, “ஓடுற ஆறு” என்று அடைகொடுத்துச் சொன்னான். சொல்லி முடித்தபோது அடுப்பிற் சோறு அடிப்பிடித்திருந்தது. தாய் எழுந்து சென்று பானையை இறக்கி வைத்தாள்.

தையில் மழை விட்ட ஒரு காலையில் இருவரும் வாவிக்கரைக்குச் சென்றனர். வெள்ளம் வந்து கண்ணாப் பற்றைகளின் இடுப்பளவு ஏறியிருந்தது; மேல்நிலத்து வயல்களின் மண்ணையும் சல்பீனியாவையும் சுமந்து, ஊரார் கொடுத்த பெயருக்கேற்ப ஆறு மெல்ல ஓடிக்கொண்டுமிருந்தது. தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலளவு நீரில் இறங்கி நின்றாள். அவன் படகிலேறி, பாவாடையை மாட்டி, பத்து யார் தள்ளிச் சென்று திரும்பினான்.

“மூச்ச நல்லா எடு” என்றாள்.

அவன் இடப்புறமாகக் கவிழ்ந்தான். நீலப் படகின் அடிப்பக்கம் மட்டும் மேலே தெரிந்தது. கலங்கல் நீருள் வேறொன்றும் தெரியவில்லை. தாய் உரத்து எண்ணினாள். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தனர். கவிழ்ந்தவன் முதலில் தலையைத் தூக்கக் கூடாது. இடுப்பு எழுந்து, தோள் எழுந்து, மூச்சுக்கு ஏங்கும் தலை கடைசியாகவே எழவேண்டும். முந்தினால் படகு மறுபடி கவிழும். நாலு என்று அவள் சொன்னபோது நீர் சொட்டச்சொட்ட நிமிர்ந்தான். முகத்தை வழித்துக்கொண்டு சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவனுடைய வலத்தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மத்தப் பக்கத்தாலயும் காட்டு.”

அவன் துடுப்பை மாற்றிப் பிடித்தான். சிறிது நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின் வலப்புறமாகச் சரிந்தான். தாய் இன்னும் இரண்டடி முன்னே வந்தாள். நீர் இடுப்பைத் தொட்டது. ஒண்டு என்று தொடங்கினாள். ஏழு வரை எண்ணினாள்.